நடுவரைப் பார்த்துக் கூச்சல்: அமெரிக்க அதிபர் தேர்தலும் ஊடகச் சாய்வுப் புகாரும்



"இதழியல் பற்றி எதை வேண்டுமானாலும் பேசுங்கள் ஐயா, உள்ளூர் அரசியல் மட்டும் வேண்டாம்" என்று இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் சங்கடம் எனக்குப் புரிந்தது. நல்லவேளையாக, நான் பிழைப்பு நடத்தியதே வெளியூர் அரசியலில்தான். ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் துணையாசிரியராக நெடுங்காலம் இருந்தவன். ஏஜென்சியிலிருந்து வரும் செய்தியைத் தமிழாக்கி, நீளம் குறைத்து, தலைப்புக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் வேலை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தால் எங்கள் மேசையில் டீ செலவு கூடும். அந்தச் செய்திக் குவியலில் ஒவ்வொரு முறையும் தவறாமல் ஒன்று வந்து விழும்: பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் தனக்கு எதிராகக் கங்கணம் கட்டிக்கொண்டு நிற்கின்றன என்று யாராவது ஒரு வேட்பாளர் பொரிந்து தள்ளியிருப்பார். ஆள் மாறுவார். புகார் மட்டும் அச்சுக் கோத்து வைத்ததுபோல் அப்படியே இருக்கும்.

அந்தப் புகாரைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சண்டைக்குத் தயாராக வசதியாக இருக்கும். சாய்வு உண்டு. ஆனால் வேட்பாளர்கள் கைநீட்டும் இடத்தில் பெரும்பாலும் அது இல்லை. நிருபர் மனசுக்குள் எந்தக் கட்சிக்காரர் என்பது செய்தியைக் கோணலாக்கியதைவிட, 'இவன் ஒருசார்பானவன்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் கோணலாக்கியது அதிகம்.

1964 ஜூலை 14-க்குப் போவோம். சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் 'கௌ பேலஸ்' என்றொரு அரங்கம். கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டியது. பெயர் அப்படி வந்ததுதான். அங்கே குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு. அரிசோனா செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் அதிபர் வேட்பாளராகப் போகிறார். முன்னாள் அதிபர் ஐசன்ஹோவர் மேடையேறிப் பேசுகிறார். சற்று உலர்ந்த பேச்சு. நடுவில் ஓரிடத்தில், நம் குடும்பத்துக்கு வெளியே நின்றுகொண்டு பரபரப்புத் தேடும் பத்தி எழுத்தாளர்களையும் விமர்சகர்களையும் பொருட்படுத்த வேண்டாம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். அவ்வளவுதான், கூட்டம் எழுந்துவிட்டது. பிரதிநிதிகள் நாற்காலியை விட்டு எழுந்து, அரங்கத்தின் மேலே கண்ணாடிக் கூண்டுகளில் உட்கார்ந்திருந்த தொலைக்காட்சிக்காரர்களைப் பார்த்து முஷ்டியை ஆட்டிக் கத்தினார்கள். இத்தனை எதிரொலியை ஐசன்ஹோவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அதே மாநாட்டில் என்பிசி நிருபர் ஜான் சான்சலர் நடைபாதையை விட்டு நகர மறுத்ததால் காவலர்கள் அவரை வெளியே கொண்டுபோனார்கள். மனிதர் ஒலிவாங்கியை விடவில்லை. தான் எங்கோ காவலில் இருந்து பேசுவதாகச் சொல்லி நேரலையை முடித்தார்.

அந்தக் கூட்டத்தின் கோபத்தில் நியாயமே இல்லையா? இருந்தது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் 'ஃபேக்ட்' என்ற பத்திரிகை செய்த வேலையைப் பாருங்கள். அதன் பதிப்பாளர் ரால்ஃப் கின்ஸ்பர்க், நாடெங்கும் 12,356 மனநல மருத்துவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். கோல்ட்வாட்டர் அதிபராக இருக்க மனநிலை அளவில் தகுதியானவரா என்பது கேள்வி. 2,417 பேர் பதில் போட்டார்கள். 1,189 பேர் தகுதியில்லை என்றார்கள். அவரை நேரில் பரிசோதிக்காமலே, பேட்டியையும் மேடைப் பேச்சையும் வைத்து நோய் கண்டுபிடித்தார்கள். அதைத் தேர்தலுக்கு முன்னால் அட்டைச் செய்தியாகவே போட்டார் கின்ஸ்பர்க். கோல்ட்வாட்டர் தேர்தலில் மண்ணைக் கவ்வினார், ஆனால் அவதூறு வழக்கில் ஜெயித்தார். இழப்பீடு 1 டாலர், தண்டனைத் தொகை 75,000 டாலர். நேரில் பரிசோதிக்காத பொதுமனிதர் ஒருவரின் மனநலம் பற்றி மருத்துவர் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் கொண்டுவந்த விதிக்கு இன்றுவரை 'கோல்ட்வாட்டர் விதி' என்றுதான் பெயர். ஆகவே, சாய்வே கிடையாது, எல்லாம் தோற்றவர்களின் பிரமை என்று நான் வாதாட வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் புகார் என்றைக்கும் ஒரே கட்சியின் சொத்தாக இருந்ததில்லை. 1936-இல் அமெரிக்க நாளிதழ் முதலாளிகளில் பெரும்பாலோர் ரூஸ்வெல்ட்டுக்கு எதிராக நின்றார்கள். அவர் வானொலியில் மக்களோடு நேராகப் பேசினார். 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். 1948-இல் சிகாகோ டிரிப்யூன் தன் முதல் பதிப்பில் டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று எட்டுக் காலத்துக்குக் கொட்டை எழுத்தில் போட்டதும், வென்ற ட்ரூமன் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்ததும் உலகம் பார்த்த படம். அந்தத் தலைப்பைக் கட்சிவெறி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அச்சுக் கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். மாற்று முறையில் பக்கம் தயாரிக்க நேரம் பிடித்ததால், பதிப்பை வழக்கத்தைவிட முன்னதாகவே முடிக்க வேண்டியிருந்தது. வாக்கு எண்ணிக்கை கால்வாசிகூட வராத நேரத்தில் ஊகத்தைத் தலைப்பாக்கினார்கள். அந்த ஊகம் ஏன் டூயி பக்கம் சாய்ந்தது என்று கேட்டால், அந்தப் பத்திரிகைக்கு ட்ரூமனை அறவே பிடிக்காது என்பதும் ஒரு பதில். விருப்பமும் கெடுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று செய்தி மேசையில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

புகார் ஆயுதமானது 1969-இல். நவம்பர் 3 அன்று நிக்சன் வியட்நாம் போர் பற்றி நாட்டுக்கு உரையாற்றினார். உரை முடிந்ததுமே தொலைக்காட்சி விமர்சகர்கள் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். பத்து நாள் கழித்து, நவம்பர் 13 அன்று, துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில் ஒரு பேச்சுப் பேசினார். எழுதிக் கொடுத்தவர் பாட் புக்கானன். யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு சிறு கும்பல், நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் உட்கார்ந்துகொண்டு, கோடிக்கணக்கான மக்கள் எதைப் பார்க்க வேண்டும், எப்படி நினைக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது என்பது பேச்சின் சாரம். இதில் நான் ரசிப்பது என்னவென்றால், தங்களைக் கிழித்துத் தொங்கவிட்ட அந்தப் பேச்சை மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களும் நேரலையாக ஒளிபரப்பின. மறுத்திருந்தால், பார்த்தீர்களா சாய்வை என்பார்கள். ஒளிபரப்பினால், ஆட்சியாளர் கைகாட்டிய திசையில் கேமரா திரும்புகிறது என்று பொருள். இரண்டு பக்கமும் இடி.

அந்தக் கும்பல் நிக்சனை வீழ்த்தியதா? 1972 தேர்தலில் தலையங்கம் எழுதி ஆதரவு தெரிவித்த நாளிதழ்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் நிக்சன் பக்கம்தான் நின்றன. அவர் 49 மாநிலங்களில் வென்றார். பத்திரிகைகள் என்னை வேட்டையாடுகின்றன என்ற புலம்பலும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கிடையில் 1971-இல் 'தி நியூஸ் ட்விஸ்டர்ஸ்' என்ற நூல் வெளிவந்தது. டிவி கைடு இதழின் எழுத்தாளர் ஈடித் எஃப்ரன், 1968 தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் மூன்று நிறுவனங்களின் மாலைச் செய்திகளை எழுத்தில் எடுத்து, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஆதரவாக எத்தனை சொல், எதிராக எத்தனை சொல் என்று எண்ணினார். நிக்சனுக்கு எதிரான சொற்கள் மலைபோல் குவிந்திருப்பதாக முடிவு சொன்னார். நிக்சனுக்குப் புத்தகம் பிடித்துப்போயிற்று. அவருடைய உதவியாளர் சார்ல்ஸ் கோல்சன் கடைகடையாகப் பிரதிகளை வாங்கிக் குவிக்க ஏற்பாடு செய்து, அதை விற்பனைப் பட்டியலில் ஏற்றிவிட்டார். சாய்வை அம்பலப்படுத்திய புத்தகத்தின் வெற்றியே சாய்க்கப்பட்ட வெற்றி! வேறு ஆய்வாளர்கள் சிபிஎஸ் செய்திகளை எடுத்து மறுபடி எண்ணி 1973-இல் வெளியிட்டபோது, எஃப்ரன் சொன்ன மலை அவர்கள் கண்ணில் படவில்லை.

ஆனால் அதே சந்தேகத்திலிருந்து உருப்படியாகவும் ஒன்று பிறந்தது. நாஷ்வில் நகரின் காப்பீட்டு நிறுவன அதிகாரி பால் சிம்ப்சனுக்குத் தொலைக்காட்சிச் செய்திகள் மேல் இதே மாதிரி கோபம். 1968-இல் நியூயார்க் போனவர், பழைய செய்திகளைப் பார்க்க வேண்டுமென்று நிறுவனங்களைக் கேட்டார். கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்திவிடுவோம் என்று பதில் வந்தது. நாடு முழுக்கப் பார்க்கும் செய்திக்கு ஒரு பிரதிகூட மிஞ்சாதா என்று அதிர்ந்துபோய், ஊர் திரும்பி வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைப் பிடித்தார். 1968 ஆகஸ்ட் 5 முதல் அங்கே தினமும் மாலைச் செய்திகளைப் பதிவு செய்தார்கள். சிபிஎஸ் நிறுவனம் 1973-இல் அவர்கள் மேல் வழக்கே போட்டது. இன்றைக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தி பற்றி ஆராய்கிறவர்கள், எந்தக் கட்சி அபிமானியாக இருந்தாலும், போய் நிற்க வேண்டிய வாசல் அந்தக் காப்பகம். மாணவர்கள் கவனிக்க வேண்டும்: சிம்ப்சன் புகாரோடு நிற்கவில்லை, பதிவைச் சேர்த்து வைத்தார்.

பதிவு இருந்தால் அளக்கலாம். பலர் அளந்தார்கள். டேவ் டலசியோ, மைக் ஆலன் என்ற இருவர் 1948 முதலான அதிபர் தேர்தல்கள் பற்றிய 59 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்து 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாளிதழ்களை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கட்சிப் பக்கமும் பொருட்படுத்தும்படியான சாய்வு இல்லை. வார இதழ்களில் ஏறக்குறைய பூஜ்யம். தொலைக்காட்சியில் ஏதோ கொஞ்சம் தென்படுகிறது, அதுவும் உறுதியாகச் சொல்லத் தக்க அளவில் இல்லை. மொத்தம் என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சாய்ந்த ஒரு பத்திரிகையும் வலப்பக்கம் சாய்ந்த ஒன்றும் கூட்டலில் ஒன்றையொன்று அடித்துவிடும். நம்மில் யாரும் 'மொத்தத்தை' வாசலில் வாங்கிப் படிப்பதில்லை. ஒன்றோ இரண்டோதான் வாங்குகிறோம்.

சரி, அளந்தவர்களுக்குத் தெரியாத சாய்வு ஜனங்களுக்கு மட்டும் எப்படிப் பளிச்சென்று தெரிகிறது? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வலோன், ராஸ், லெப்பர் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல விடை. 1980-இல் கார்ட்டருக்கும் ரீகனுக்கும் போட்டி நடந்தபோது வாக்காளர்களிடம், ஊடகங்கள் ஒருசார்பாக இருந்தனவா என்று கேட்டார்கள். மூன்றில் ஒருவர் அளவுக்கு ஆமாம் என்றார்கள். யார் பக்கம் என்று கேட்டால், அந்த ஆமாம்காரர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர், என் வேட்பாளருக்கு எதிராக என்றார்கள். கார்ட்டர் ஆளும் அதையே சொன்னார், ரீகன் ஆளும் அதையே சொன்னார். பிறகு அவர்கள் 1982-இல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை எடுத்து, இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஒரே படம், ஒரே நிமிடங்கள். இது எங்களுக்கு எதிரானது என்று இரண்டு தரப்பும் எழுந்தன. நடுநிலையாளர் யாராவது இதைப் பார்த்தால் எங்கள் மேல் வெறுப்புக் கொள்வார் என்றும் இரண்டு தரப்பும் சொன்னன. விஷயம் அதிகம் தெரிந்தவர்களுக்குச் சாய்வும் அதிகமாகத் தெரிந்தது. நமக்குத் தெரிந்த நியாயங்களெல்லாம் மூன்று நிமிடச் செய்தியில் இல்லையே என்ற ஆதங்கம், தெரிந்தவனுக்குத்தானே வரும்? படிக்காத மக்களை ஏமாற்றிவிடுகிறார்கள் என்று நாம் அங்கலாய்ப்பது வழக்கம். இந்த நோய் படித்தவர்களுடையது.

அரசியல்வாதிகளுக்கு இந்த உளவியல் கட்டுரை தேவைப்படவில்லை. அனுபவத்திலேயே தெரியும். 1992-இல் மூத்த புஷ் மறுபடி நின்றபோது, ஊடகங்களை எரிச்சலூட்ட வேண்டுமா, புஷ்ஷுக்கு ஓட்டுப் போடு என்ற பொருளில் கார் ஒட்டுச்சீட்டுகள் பறந்தன. அதே ஆண்டு குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவர் ரிச் பாண்ட், இதில் தந்திரம் இருக்கிறது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நல்ல பயிற்சியாளர் நடுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருப்பார், அடுத்த தீர்ப்பில் கொஞ்சம் சலுகை கிடைக்கலாம் என்பதற்காக என்றார். நம்மூர் மைதானத்தில் விக்கெட் கீப்பர் ஒவ்வொரு பந்துக்கும் 'ஹவுஸ் தட்' என்று அலறுவதன் கணக்கும் அதுதான். பத்தில் ஒன்பது முறை அவருக்கே தெரியும், அவுட் இல்லை என்று.

அதற்கு முன்பே இன்னொரு கதவும் திறந்துவிட்டது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் மறுதரப்புக்கும் இடம் தர வேண்டும் என்று ஒலிபரப்பாளர்களுக்கு 1949 முதல் இருந்த நியாய விதி 1987-இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டே ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுக்கப் போயிற்று. 1996 அக்டோபரில் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. இதைப் பற்றி எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் நேரத்தை வீணாக்கவில்லை. ஒன்று மட்டும். ஃபாக்ஸ் நியூஸ் முழுக்க முழுக்கக் கேபிளில் வந்தது. அலைக்கற்றையில் வரும் நிலையங்களுக்கான நியாய விதி உயிரோடிருந்தாலும் அதைக் கட்டுப்படுத்தியிருக்காது. எல்லாப் பழியையும் அந்த விதியின் சாவின் மேல் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது 2016. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஹிலாரி கிளின்டன் வெளியுறவுச் செயலராக இருந்தபோது அரசு மின்னஞ்சலுக்குப் பதில் தன் சொந்த சர்வரைப் பயன்படுத்தினார். அது தவறு, செய்தியாக வேண்டிய விஷயம். 2015 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. 2016 ஜூலையில் எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி, மிகுந்த அலட்சியம், ஆனால் வழக்குப் போடும் அளவுக்கு இல்லை என்று சொல்லி முடித்தார். அக்டோபர் 28 அன்று, ஓட்டுப் பதிவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, வேறொரு விசாரணையில் கிடைத்த மடிக்கணினியில் புதிய மின்னஞ்சல்கள் இருப்பதாக நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில், மடிப்புக்கு மேலே உள்ள இடம் முழுக்க அந்த ஒரு கடிதம்தான். பக்கம் அமைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மடிப்புக்கு மேலே என்பது வீட்டின் தலைவாசல். கடையில் தொங்கும்போது கண்ணில் படுவது அந்தப் பாதிதான். அங்கே உள்ள எல்லாச் செய்தியும் ஒரே விஷயம் என்றால், நாட்டில் இன்று வேறொன்றும் நடக்கவில்லை என்று ஆசிரியர் குழு சொல்கிறது. நவம்பர் 6 அன்று கோமி இன்னொரு கடிதம் எழுதினார்: புதிதாக ஒன்றுமில்லை. நவம்பர் 8 ஓட்டுப் பதிவு.

டங்கன் வாட்ஸ், டேவிட் ராத்ஸ்சைல்ட் என்ற ஆய்வாளர்கள் பின்னால் உட்கார்ந்து எண்ணினார்கள். தேர்தலுக்கு முந்தைய 69 நாட்களில் கொள்கை விவகாரங்கள் எல்லாவற்றையும் பற்றி அந்த நாளிதழ் முதல் பக்கத்தில் போட்ட செய்திகள் எத்தனையோ, அத்தனை செய்திகளை மின்னஞ்சல் பற்றி மட்டும் ஆறே நாளில் போட்டிருந்தது. அந்த நாளிதழ் கிளின்டனை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. அதன் செய்தியறையில் டிரம்பை விரும்பியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிறகு ஏன்? என் கணிப்பு இது: கிளின்டன் ஜெயித்துவிடுவார் என்று எல்லாரும் நம்பினார்கள். நாளைய அதிபரிடம் நாம் பல்லிளித்தோம் என்ற பெயர் வந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார்கள். அரை நூற்றாண்டாகக் காதில் விழுந்த 'நீங்கள் ஜனநாயகக் கட்சியின் ஊதுகுழல்' என்ற கூச்சல் வேலை செய்தது. நடுநிலை என்பதை நிரூபிக்கப் போய் நிறுவையைக் கெடுத்துக்கொண்டார்கள்.

ஹார்வர்டின் ஷோரன்ஸ்டைன் மையத்தில் தாமஸ் பாட்டர்சன் பத்து ஊடகங்களை வைத்துச் செய்த ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. பொதுத்தேர்தல் கட்டத்தில் டிரம்ப் பற்றிய செய்திகளில் 77 விழுக்காடு எதிர்மறை. கிளின்டன் பற்றியவற்றில் 64 விழுக்காடு. டிரம்ப் ஆட்கள் முதல் எண்ணைக் காட்டிச் சாய்வு என்பார்கள். ஆனால் பதவிக்குத் தகுதியானவரா என்ற கேள்வியைத் தொட்ட செய்திகளை மட்டும் தனியே எடுத்தால் இருவருக்கும் ஒரே அளவு, 87 விழுக்காடு எதிர்மறை. இரண்டு வேறு மனிதர்கள், வேறு வேறு குற்றச்சாட்டுகள், தராசு மட்டும் நூல் பிடித்ததுபோல் சமம்! பந்தயச் செய்தி, அதாவது யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பது, மொத்தத்தில் 42 விழுக்காடு. கொள்கை பற்றிய செய்தி 10 விழுக்காடு. இதற்கு எதிராக எந்த வேட்பாளரும் முஷ்டியை ஆட்டவில்லை.

பணத்தையும் விட்டுவிட முடியாது. 2016 பிப்ரவரிக்குள்ளேயே டிரம்ப்புக்குக் கிடைத்த இலவச ஊடக வெளிச்சத்தின் மதிப்பு ஏறக்குறைய 190 கோடி டாலர் என்று ஒரு நிறுவனம் கணக்குப் போட்டது. அவர் பேச வரப்போகிறார் என்பதற்காகக் காலி மேடையை நேரலையில் காட்டிக்கொண்டிருந்த கேபிள் சேனல்கள் உண்டு. இந்தத் தேர்தல் கூத்து அமெரிக்காவுக்கு நல்லதில்லாமல் இருக்கலாம், சிபிஎஸ்ஸுக்கு அமோகம் என்ற பொருளில் அந்த நிறுவனத் தலைவர் லெஸ் மூன்வெஸ் முதலீட்டாளர் கூட்டத்தில் பேசினார். இதற்கு இடதுசாரிச் சாய்வு என்று பெயர் வைப்பதா, வலதுசாரி என்று வைப்பதா? கல்லாப் பெட்டிச் சாய்வு.

நாம் மட்டும் யோக்கியமா என்று யாரோ பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனார் கோபாலனின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2024 தேர்தல் நாளில் அந்த ஊர் தர்மசாஸ்தா கோயிலில் அபிஷேகம், வாசலில் பேனர், தெருவில் சேனல் வண்டிகள். கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்கள் கல்வெட்டில் அவர் பெயர் இருப்பதைக் கேமரா நெருங்கிப் போய்க் காட்டியது. அதே சமயம் டிரம்ப்பின் துணை வேட்பாளர் வான்ஸின் மனைவி உஷாவின் முன்னோர் ஊரான ஆந்திரத்து வட்லூருக்குத் தெலுங்குச் சேனல்கள் போய் நின்றன. ஆளுக்கொரு வேட்பாளர், ஆளுக்கொரு கோயில். எச்-1பி விசா பற்றி இருவரும் என்ன சொன்னார்கள் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் பிழைப்பைத் தொடும் செய்தி. அதற்கு அன்றைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினோம்? அபிஷேகத்தைக் காட்டியதில் எனக்குப் பிணக்கு இல்லை. ஊர்க்காரர்கள் உண்மையான பாசத்தோடுதான் செய்தார்கள், நல்ல செய்தியும்கூட. எது எவ்வளவு என்பதுதான் என் கேள்வி.

அந்த 2024 தேர்தலில் இந்த நாடகத்தின் அடுத்த காட்சி அரங்கேறியது. சிபிஎஸ்ஸின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சிக்கு ஹாரிஸ் பேட்டி கொடுத்தார். இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அமெரிக்காவின் பேச்சைக் கேட்கிறாரா என்ற வகையில் பில் விட்டக்கர் ஒரு கேள்வி கேட்டார். ஹாரிஸ் சுற்றி வளைத்துப் பதில் சொன்னார். முன்னோட்டமாக அக்டோபர் 6 அன்று அதே நிறுவனத்தின் இன்னொரு நிகழ்ச்சியில் அந்தப் பதிலின் ஒரு பகுதியைப் போட்டார்கள். மறுநாள் முழு நிகழ்ச்சியில் அதே பதிலின் வேறொரு பகுதியைப் போட்டார்கள். இது இறுக்கமாக இருந்தது. ஒரே கேள்விக்கு இரண்டு பதிலா என்று பிடித்துக்கொண்டார்கள். எடிட்டிங் அறையைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. எவருடைய பேட்டியையும் அப்படியே போட்டால் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் கேள்வி அப்படியே இருக்க, பதில் மட்டும் இரவோடிரவாகச் சீராகிவிட்டதுபோல் பார்ப்பவருக்குத் தோன்றினால், அவர் சந்தேகப்படுவதை முட்டாள்தனம் என்றும் சொல்ல மாட்டேன். முழு எழுத்துப்படியை அன்றே வெளியிட்டிருந்தால் இரண்டு நாளில் அடங்கியிருக்கும். 2025 பிப்ரவரியில்தான் வெளியிட்டார்கள். அதற்குள் டிரம்ப் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 1,000 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டுவிட்டார். பிறகு அதை 2,000 கோடியாக்கினார். எந்தச் சட்டப்படி? நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்துக்கு எதிரான டெக்சாஸ் சட்டப்படி. பழுதான ஃப்ரிட்ஜை விற்றதுபோல் பேட்டியை விற்றார்களாம்.

அதே அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் வேறொரு வழி பார்த்தது. ஹாரிஸை ஆதரிக்கும் தலையங்கம் தயாராக இருந்தது. தேர்தலுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, இனி யாரையும் ஆதரிக்கப் போவதில்லை என்று அறிவித்தார்கள். உரிமையாளர் ஜெஃப் பெசோஸ் காரணம் எழுதினார்: ஊடகங்களை மக்கள் நம்பவில்லை, ஆதரவுத் தலையங்கத்தால் தேர்தல் முடிவு மாறாது, சாய்வு இருப்பதான எண்ணம்தான் வளரும். வாதத்தின் முதல் பாதியை மறுக்க முடியாது. காலப் நிறுவனத்தின் கணக்கெடுப்பில் ஊடகங்கள் மேல் நம்பிக்கை வைத்தவர்கள் 1976-இல் 72 விழுக்காடு, 2024-இல் 31. ஆதரவுத் தலையங்கத்தால் ஓட்டு நகராது என்பதும் உண்மைதான். 2016-இல் அதிகம் விற்கும் 100 நாளிதழ்களில் இரண்டே இரண்டுதான் டிரம்ப்பை ஆதரித்தன. ஆனால் இதை ஓராண்டு முன்னால் சொல்லியிருந்தால் கொள்கை என்று எடுத்துக்கொண்டிருப்பேன். பதினோரு நாள் முன்னால் சொன்னால் அது பயம். வாசகர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். சில நாட்களில் இரண்டரை லட்சம் பேர் சந்தாவை ரத்து செய்தார்கள். சாய்வின் தோற்றத்தைத் துடைக்கக் கிளம்பியவர், அதுவரை நம்பியிருந்தவர்களுக்கும் சாய்வைக் காட்டிக் கொடுத்தார்.

சிபிஎஸ் வழக்குக்கு வருகிறேன். சட்டம் தெரிந்தவர்கள் பலர் அது நிற்காது என்றார்கள். ஆனால் சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட் அப்போது ஸ்கைடான்ஸ் நிறுவனத்தோடு இணையக் காத்திருந்தது. அதற்கு அரசின் தகவல் தொடர்பு ஆணையம் கையெழுத்துப் போட வேண்டும். 2025 ஜூலைத் தொடக்கத்தில் பாரமவுண்ட் 1.6 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. அதே மாதக் கடைசியில் இணைப்புக்கு அனுமதி கிடைத்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அனுமதி பெறும்போது ஸ்கைடான்ஸ் ஒரு வாக்குறுதியும் கொடுத்திருந்தது: சிபிஎஸ் செய்திகளில் சாய்வு இருப்பதாக வரும் புகார்களை விசாரிக்கக் குறைந்தது இரண்டாண்டுக்கு ஒரு குறைகேட்பாளரை நியமிப்போம் என்று. செப்டம்பரில் நியமித்தார்கள். வந்தவர் கென்னத் வைன்ஸ்டைன். ஹட்சன் இன்ஸ்டிடியூட் என்ற பழமைவாதச் சிந்தனைக் கூடத்தின் தலைவராக இருந்தவர். டிரம்ப்பின் முதல் ஆட்சிக்காலத்தில் அவரால் ஜப்பானுக்குத் தூதராக முன்மொழியப்பட்டவர்.

கௌ பேலஸில் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியவர்களின் புகாருக்கு இப்போது ஒரு மேசை, ஒரு பதவி, ஒரு சம்பளம். அந்த மேசைக்கு வரும் கடிதங்களில் ஒரே நிகழ்ச்சியின் அதே நிமிடத்தை இரண்டு தரப்பும் சுட்டிக்காட்டி, எங்களுக்கு எதிரானது என்று எழுதும். ஸ்டான்ஃபோர்ட் கட்டுரையைப் படித்தவர்களுக்கு இதைச் சொல்லச் சோதிடம் தேவையில்லை. எந்தக் கடிதத்தை அவர் முதலில் பிரிக்கிறார் என்பதைவிட, விசாரணைக்கு அழைக்கப்பட வாய்ப்புள்ள ஒரு தயாரிப்பாளர் அடுத்த தேர்தலில் எந்தப் பேட்டியை எடுக்காமலே விடுகிறார் என்பதைத்தான் நான் கவனிப்பேன். எடுக்காத பேட்டிக்கு வாண்டர்பில்ட் காப்பகத்தில் பதிவு இருக்காது.